மாமன் வராத பாட்டுகள்

"முனீஸ்வரி பாட்டுப் போட்டா பந்தி தானா எந்திரிச்சிரும்லய்யா" என்று ஷட்டருக்கு வெளியே யாரோ சொன்னார்கள். "சோத்த மென்னு முழுங்க விடமாட்டா அந்தம்மா" என்றது இன்னொரு குரல், சிரிப்போடு. பக்கத்து வாடகைப் பாத்திரக் கடையில் நாற்காலி இறக்க வந்த ஆட்கள். ரேடியோ செட் கடைக்குள் லேப்டாப் முன்னால் இருந்த சுகந்தி தலையைத் தூக்கவில்லை. உள்ளே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் மதினியைப் பற்றி இன்னும் என்ன சொல்ல இருந்தார்களோ அது போய்விடும். ஆனால் அவர்கள் அடுத்த அடுக்கு நாற்காலிக்குப் போய்விட்டார்கள். இரும்புக் கால்கள் தரையில் உரசின. பந்தி தானா எழுந்துவிடும் என்பது உண்மைதான், அவளே பார்த்திருக்கிறாள், மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் சவுண்ட் மிக்சர் பக்கத்தில் ஒயர்ச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது. சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வந்து நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவர் இலையை ஒருவர் பார்த்துக்கொண்டு. மதினி ஒரு வேகமான பாட்டைப் போட்டாள். அதன் தாளத்துக்குக் கைகள் தாமாக விரைந்தன, ரசத்தை உறிஞ்சினார்கள், பாயசத்தைக் குடித்தார்கள், எழுந்தார்கள். அப்புறம் சமையல்காரர் கதவோரம் வந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். மதினி உடனே பாட்டை மாற்றினாள். புல்லாங்குழலோடு தொடங்கும் மெதுவான பாட்டு. புதிதாக உட்கார்ந்தவர்கள் இலையைத் துடைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள், இரண்டு பெரியவர்கள் சாய்ந்துகொண்டார்கள், யாரும் சோறு எங்கே என்று கேட்கவில்லை. "ஏன் மதினி?" என்று சுகந்தி கேட்டதற்கு, "ஒல இன்னும் கொதிக்கல போலருக்கு" என்று மட்டும் சொன்னாள். எட்டாவது வரை படித்தவள். அண்ணன் காளிராஜைக் கட்டிக்கொண்டு வந்தபோது ஆம்பிளிஃபயர் எது, ஸ்பீக்கர் எது என்று தெரியாது என்பார்கள். இப்போது அண்ணன் ஏணி ஏறுகிறான், ஒயர் இழுக்கிறான், வண்டி ஓட்டுகிறான். நானூறு பேர் எப்போது எழ வேண்டும் என்பதை முடிவு செய்கிறவள் மதினி. இரண்டு விரலால்.

ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. இதுவரை முடித்த பாட்டுகள். இன்னும் ஐயாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு பாட்டின் வயிற்றுக்குள்ளும் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கின்றன. தலைப்பு, பாடியவர், இசை, படம், ஆண்டு. அதை நிரப்பிவிட்டால் எதைத் தேடினாலும் ஒரு நொடியில் வந்து நிற்கும். அதற்காகத்தான் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு இன்டர்வியூவில் வாய் திறக்க முடியாமல் மூன்று தடவை திரும்பி வந்தவளை. இங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. பாட்டுகள் பேர் கேட்காது, உன்னைப் பற்றிச் சொல்லு என்று கேட்காது. ஸ்பீக்கர் பெட்டிகளின் கறுப்புத் துணி வாசனை, எண்ணெய் போட்ட மின்விசிறியின் கிறீச், லேப்டாப்பின் சூடு உள்ளங்கையில். மதினி வைத்திருந்த பேர்களைப் பார்த்தபோது முதலில் சிரிப்பு வந்தது. 'பாட்டு 112 மழ வந்தா'. 'பாட்டு 230 மாப்ள வீட்டார் கோவம்'. 'பாட்டு 88 ஸ்கூல் வாத்தியார் இருந்தா வேண்டாம்'. ஒரு பாட்டு, ஆனால் மூன்று இடத்தில், மூன்று வேறு வேறு பெயரில். கல்லூரியில் சொல்லித் தந்ததற்கு நேர் எதிர். ஒரு பொருள் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும், ஒரே பேரில் இருக்க வேண்டும். அவள் அந்தப் பேர்களை எல்லாம் அழித்துவிட்டுச் சரியான தலைப்பைப் போட்டாள், சரியான படத்தைப் போட்டாள், ஆண்டைப் போட்டாள். எத்தனை அழகாக வரிசையாக நின்றன. அழிப்பதற்கு முன்னால் மழ வந்தா என்பதை மட்டும் ஒரு தடவை போட்டுக் கேட்டாள். ஏன் அது மழைக்கு என்று பாதிப் பாட்டு வரை புரியவில்லை, பிறகு புரிந்தது. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் எந்தக் குரல் அடிபடாமல் மேலே வருமோ அந்தக் குரல், கொஞ்சம் மூக்கில் பாடுகிற குரல். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அப்படி ஒரு கட்டமே இல்லை. அன்றைக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் தோன்றியது, ஒரு பாராட்டாகக்கூட. மதினிக்கு என்ன காது என்று நினைத்துக்கொண்டாள், நினைத்துக்கொண்டே அழித்தாள்.

போன் அதிர்ந்தது. மதினி. சுகந்தி எப்போதும் நாலு தடவை மணி அடிக்க விட்டுத்தான் எடுப்பாள், அதற்குள் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துவிடலாம். "சாப்ட்டியா?" காற்று இரைந்தது, எங்கோ சுத்தியல் சத்தம். ஊருக்கு வெளியே பொட்டலில் செல்லக்கனி வீட்டுக் குலதெய்வக் கோயில். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள் மகளுக்குக் காதுகுத்து. மதினியும் அண்ணனும் மரத்தில் ஸ்பீக்கர்க் குழாய் கட்டப் போயிருந்தார்கள். "சாப்ட்டேன் மதினி." "பொய் சொல்லாத, டிபன் பாக்ஸ் வண்டியிலயே கெடக்கு. சரி கேளு, நாளைக்குக் காதுகுத்துப் பாட்ட பென் டிரைவுல ஏத்தி வையி. நா வெட்டி வச்சது மட்டும். முழுசு ஒண்ணுகூட வேண்டாம், கைதவறி விழுந்துரும்." "சரி மதினி." "நாலு மணிக்கு வாரேன்." சுத்தியல் சத்தம் அறுந்தது. சரி மதினி என்று ஏன் சொன்னாள்? வாய்க்கு அது பழக்கம். கேள்வி புரிவதற்கு முன்னால் சரி வந்துவிடும். வெட்டி வச்சது. எதை வெட்டி வைத்தாள்? காதுகுத்து ஃபோல்டரைத் திறந்தாள். முப்பத்தாறு பாட்டு, எல்லாம் முழுசாக, நிமிர்ந்து, ஆண்டும் படமுமாக. வெட்டினது என்று எதுவும் இல்லை. மணி இரண்டேகால்.

செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அவள் ஒரு மென்பொருளை இறக்கி ஓடவிட்டாள், நகல்களைக் கண்டுபிடிப்பதற்கு. தலைப்பு, பாடியவர், படம், ஆண்டு நாலும் ஒன்றாக இருந்தால் நகல். அந்த நாலையும் ஒன்றாக்கியது யார்? அவள்தான், மூன்று வாரமாக உட்கார்ந்து. ஆயிரத்து முந்நூற்று நாற்பது நகல் என்று வந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது, பெரிய குப்பையைக் கண்டுபிடித்த சந்தோஷம். மதினி வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் ஒண்ணுதானா?" என்று கேட்டாள். கேட்டாளே. துண்டை இறக்கிவிட்டு, திரையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயக்கத்தோடு கேட்டாள், படித்தவளிடம் கேட்கிற மாதிரி. "ஒண்ணுதான் மதினி. பெருசா இருக்கிறத வச்சிக்கிட்டுச் சின்னத அதுவே அழிச்சிரும்." எத்தனை தெளிவாகச் சொன்னாள். மூன்று இன்டர்வியூவிலும் வராத குரல் அன்றைக்கு எங்கிருந்து வந்தது? மதினி "அப்ப சரி" என்று போய்விட்டாள். சின்னதை அழிச்சிரும். வெட்டினது எப்போதும் சின்னதாகத்தானே இருக்கும். அவள் கை லேப்டாப்பிலிருந்து விலகி மடியில் கிடந்தது. செ.க. என்று முடியும் பேர்கள் இருந்தன, இப்போது ஞாபகம் வருகிறது. 'பாட்டு 417 செ.க.', 'பாட்டு 422 செ.க.' பதினோரு தடவை அந்த செ.க.வை அழித்தாள். ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைத்து, பதினோரு தடவையும். செல்லக்கனி. பேரை முழுசாக எழுதாததுகூட மதினி வேண்டுமென்று செய்ததுதான். திரையை எட்டிப் பார்க்கிற யார் கண்ணிலும் அது படக் கூடாது.

ஏனென்றால் தங்கப்பாண்டி. போன வருசம் ஆடியில் நாலுவழிச் சாலையில் வண்டியோடு அடிபட்டுப் போனான், செல்லக்கனிக்கு ஒரே தம்பி. காதுகுத்தில் பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடி. இந்தப் பிள்ளைக்கு மாமன் இல்லை. பெரியப்பா வழியில் ஒருத்தன் மடியில் உட்கார வைக்கப் போகிறார்கள் என்று அம்மா சொன்னாள். அவன் மதுரையிலிருந்து வருகிறான், பிள்ளைக்கு அவன் முகமே தெரியாதாம். அது ஒரு பக்கம். பாட்டு? காதுகுத்துப் பாட்டு எதை எடுத்தாலும் மாமன் வந்துவிடுவான். சீர் கொண்டு வருவான், மாலை போட்டு வருவான், வண்டி கட்டி வருவான், எந்தக் கவிஞர் எழுதினாலும் இரண்டாவது சரணத்தில் மாமன் வராமல் இருக்க மாட்டான். மாசியில் மூன்று நாள் சாயங்காலம் மதினி ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் "டீ போடேன்" என்றபோதும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுகந்தி அதை வாசலிலிருந்து பார்த்தாள். வீட்டில் எல்லாரையும் அவள் பார்த்துக்கொண்டேதான் இருப்பாள், அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வேலை, யார் எப்போது பொய் சொல்கிறார்கள் என்றுகூடச் சொல்லிவிடுவாள். அன்றைக்குப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாள்? பாவம், மதினிக்கும் கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்க ஆசை என்று நினைத்தாள். அவ்வளவுதான் அவளுடைய பார்வை. மதினி அங்கே உட்கார்ந்து பதினோரு பாட்டிலிருந்து ஒரு செத்த பையனை ஒவ்வொரு வரியாகக் கழற்றி எடுத்துக்கொண்டிருந்தாள், யாருக்கும் தெரியாமல். மொய் எழுத வருகிறவனுக்குத் தெரியாது, பூசாரிக்குத் தெரியாது, செல்லக்கனிக்கே தெரியாது. நாளைக்கு ஏனோ நெஞ்சு அடைக்கவில்லை என்று மட்டும் அவளுக்குத் தோன்றியிருக்கும், ஏன் என்று தோன்றியிருக்காது. இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டு எப்படி ஒருத்தியால் சும்மா எழுந்து போய் டீ போட முடிந்தது? போட்டாளே. இஞ்சி தட்டிப் போட்டாள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். இல்லை. புதனன்றே அண்ணன் அதைத் துடைத்துத் தெருமுனை ஜவுளிக் கடையின் கண்காணிப்புக் கேமராப் பெட்டிக்குள் மாட்டிவிட்டான். இந்நேரம் அந்தப் பதினோரு பாட்டின் மேல் வாசலில் செருப்பு விடுகிற ஆட்களின் படம் ஓடிக்கொண்டிருக்கும். மதினியின் பென் டிரைவ்? செருகிப் பார்த்தாள். போன மாதக் கல்யாணம் ஒன்று, ஒரு சாவு வீடு. சாவு வீட்டு ஃபோல்டரில் ஒன்பதே பாட்டு. அதையும் தொட பயமாக இருந்தது. அந்த வீடு ஞாபகம் இருக்கிறது, செத்துப்போன அம்மாவின் கடைசிப் பெண் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று ஒரு ஸ்பீக்கரை மட்டும் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள் மதினி. அண்ணன் சத்தம் போட்டான், இந்தப் பக்கம் கேக்கல முனீசு என்று. கேக்காட்டிப் பரவாயில்ல என்றாள். ஆயிரத்து முந்நூற்று நாற்பதில் இன்னும் யார் யார் இருந்தார்கள்? ஒவ்வொரு சின்னப் பாட்டும் ஒரு வீடாக இருந்திருக்குமா? தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தாள், குடிக்கவில்லை. மிஷின் அழித்துவிட்டது என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை, பட்டனை அமுக்கியது அவள், அழித்தது அதுதான். டிஸ்க் கெட்டுவிட்டது மதினி என்றால் மதினி நம்புவாள், சந்தேகமே பட மாட்டாள், "மிஷின்தான, விடு" என்று சொல்லிவிட்டு நாளைக்கு நேரே மிக்சரில் விரலை வைத்துக்கொண்டு நிற்பாள். மாமன் வருகிற இடத்தில் சத்தத்தைக் குறைத்து, மைக்கை எடுத்து, பந்தல் வாசலில் நிறுத்தியிருக்கிற வண்டியை எடுங்கள் என்று ஏதாவது சொல்லி மூடிவிடுவாள். பதினோரு பாட்டுக்கும் வண்டியை எடுக்கச் சொல்ல முடியுமா? ஒன்றில் தவறும். ஒரே ஒன்றில். குழாய் எட்டு மரத்திலும் கட்டியிருக்கும், பொட்டல் காடு முழுக்கக் கேட்கும், பிள்ளையின் காதில் ஆசாரி ஊசியை வைக்கிற நேரத்தில் எட்டுப் பக்கமும் மாமன் வருவான், சீரோடு வருவான். செல்லக்கனி அக்கா பிள்ளையின் கையைப் பிடித்திருப்பாள், விட முடியாது, முகத்தை மூட முடியாது. அப்போது ஊரே திரும்பி மதினியைப் பார்க்கும். அறிவு வேண்டாமா அந்தப் பொம்பளைக்கு என்பார்கள். பந்தியை எழுப்புகிறவள், மழைக்குப் பாட்டு வைத்திருக்கிறவள், அவளைப் பார்த்து.

மணி இரண்டே முக்கால். நாலு மணிக்கு வந்த பிறகு சொல்லலாம், முகத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம் என்றால் ஒரு மெசேஜ் எழுதலாம். எழுதினாள். மதினி ஒரு சின்ன விசயம். அழித்தாள். மதினி தப்பு ஆயிருச்சு. ஆயிருச்சு என்றால் அதுவாக ஆன மாதிரி இருக்கிறது. அழித்தாள். மதினி மெசேஜ் எல்லாம் பார்க்கவே மாட்டாள், பச்சைப் புள்ளி எரிந்தால் அண்ணனிடம் நீட்டிவிடுவாள், அண்ணன் உரக்கப் படிப்பான், ஏணியில் நிற்கிற ஆட்கள் எல்லாம் கேட்பார்கள். கல்லூரியில் செமினார் எடுக்கச் சொன்னபோது கரும்பலகையைப் பார்த்தே முழுதும் படித்து முடித்துவிட்டு வந்தாள், வகுப்பில் நாற்பது பேரும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனிலும் முகம் தெரியாதுதான். ஆனால் போனில் கரும்பலகை இல்லை. வெளியே நாற்காலிக்காரர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். சத்தம் தேய்ந்து முடிந்தது. இனி இங்கே யாரோ கேட்கிறார்கள் என்று சாக்குக்கூடச் சொல்ல முடியாது. போனில் மதினி பேரைத் தொட்டாள். மணி அடித்தது. ஒத்திகை ஓடவில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் மதினி.

"என்ன புள்ள, நீயா கூப்புடுற? கரண்டு போயிருச்சா?"

"இல்ல மதினி."

"அப்புறம்?"

"செல்லக்கனி அக்காவுக்கு நீங்க வெட்டி வச்சிருந்தீங்கல்ல."

"ஆமா."

"அது பதினொண்ணும் இல்ல மதினி. செவ்வாக்கெழம நகல்னு அழிச்சேன்ல, அதுல போயிருச்சு. மிஷின் இல்ல, நான்தான். நீங்க ஒண்ணுதானான்னு கேட்டீங்க, நான் ஒண்ணுதான்னு சொன்னேன். அது ஒண்ணு இல்ல மதினி."

சுத்தியல் இரண்டு தடவை அடித்தது. "முனீசு, ஏணியப் புடிடி, ஆடுது" என்று அண்ணன் மேலிருந்து கத்தினான். "செத்த ஆடாம நில்லுங்க, வாரேன்" என்றாள் மதினி அவனிடம். பிறகு அவள் மரத்தடியை விட்டுத் தள்ளி நடக்கிறாள் போலிருந்தது, சருகு மிதிபடுகிற சத்தம்.

"முழுப்பாட்டு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வெட்டு."

"எனக்கு வராது மதினி. எங்க வெட்டுறதுன்னு தெரியாது."

"பாட்ட வெட்டக் காலேசுல சொல்லித் தரலையா?"

"இல்ல."

"எனக்கும் யாரும் சொல்லித் தரல." மதினி மூச்சு வாங்கினாள். "மாமன் எப்ப வாரான்னு பாத்து வெட்டாத. அவன் வந்தப்புறம் வெட்டி என்ன செய்ய? செல்லக்கனி மொகத்த நெனச்சுக்கிட்டுக் கேளு. எந்த எடத்துல அவ தலைய குனிவாளோ, அதுக்கு ஒரு மூச்சு முன்னாடி வெட்டு."

"கோவமா மதினி?"

"கோவந்தான். அத வீட்டுக்கு வந்து வச்சிக்கிறேன். இங்க இந்த மனுசன் ஏணியோட சாயப் போறாரு."

வைத்துவிட்டாள். சுகந்தியின் காது சூடாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள். ஹெட்போனை மாட்டியதும் மின்விசிறி போய்விட்டது, தெரு போய்விட்டது, காதுக்குள் அவள் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும். முதல் பாட்டைத் திறந்தாள். நாதஸ்வரம், அப்புறம் உடுக்கை மாதிரி ஒன்று, பெண்கள் கூட்டமாகக் குலவை போடுகிறார்கள். கண்ணை மூடினாள். செல்லக்கனி அக்காவின் முகம் உடனே வரவில்லை, வேறு முகங்கள் வந்தன, இன்டர்வியூவில் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தவரின் முகம், தலை துவட்டுகிற மதினியின் முகம். பிறகு வந்தது. தங்கப்பாண்டியின் பதினாறாம் நாள் காரியத்தில் பார்த்த முகம். வாசலில் வடை போடுகிறவளிடம் எண்ணெய் போதுமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள், எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டு, அழாமல், நன்றாகத்தான் இருந்தாள். தூரத்தில் தம்பி ஓட்டியது மாதிரி ஒரு வண்டி வந்தது. வண்டி இன்னும் தெருமுனையில் திரும்பவில்லை, ஆரன் அடிக்கவில்லை, அதற்கெல்லாம் முன்னாலேயே, அந்த எஞ்சின் சத்தம் என்னவென்று மற்றவர்கள் காதுக்கு எட்டுவதற்கு முன்னாலேயே, அவள் தலை இறங்கிவிட்டது. கரண்டியைப் பார்ப்பது போல. யாரும் கவனிக்கவில்லை. சுகந்தி கவனித்தாள், வாசல் நடையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள் அவள். முதல் சரணம் முடிந்தது. குலவை மறுபடி வந்தது, அதற்கு அடியில் மாட்டுச் சலங்கை, வண்டிச் சக்கரம் உருளுகிற மாதிரி ஒரு தாளம், இன்னும் யாரும் பாடவில்லை, மாமன் என்ற சொல்லுக்கு இன்னும் பதினான்கு நொடி இருக்கிறது. சலங்கையிலேயே அக்கா தலையைக் குனிந்தாள். சுகந்தி பாட்டை நிறுத்தினாள். ஒரு மூச்சு அளவு பாட்டைப் பின்னுக்கு நகர்த்தினாள். வெட்டினாள்.